ஓணானின் நிறம்

மதுரை மாநகருக்கு வடமேற்கே, வையை ஆற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் சோழவந்தான். நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ்ந்த வளமான ஊர் அது. சோழ மன்னன் ஒருவன் இவ்வூரின் செழிப்பைக் கண்டு உவந்தமையால் 'சோழன் உவந்தான்' எனப் பெயர் பெற்று, அப்பெயரே பின்னர்ச் 'சோழவந்தான்' என மருவிற்று என்பர். இவ்வூர் வெற்றிலை பெரும்புகழ் உடையது. 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அகத்தியை வரிசையாக வளர்த்து, அதன்மேல் வெற்றிலைக் கொடியைப் படரவிடுவது இங்குள்ள உழவர்களின் வழக்கம். கொடிக்காலைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். வேலியின்மேல் ஓணான் இருக்கும். 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்னும் பழமொழியும் நம் நாட்டில் உண்டன்றோ?

இவ்வோணானைக் கண்டவுடன் சிறுவர் சிலர் கல்லைத் தேடுவர். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கிட்டு அதன் கழுத்தில் மாட்டி இழுப்போரும் உண்டு. அது செய்த குற்றம் யாது? சில நாள்களில் அதன் தலையும் கழுத்தும் செக்கச் செவேலெனச் சிவந்து காணப்படுகின்றன. அதனைக் கண்ட பிள்ளைகள், அது எட்ட நின்றே தம் இரத்தத்தை உறிஞ்சுகின்றது என்று அஞ்சுகின்றனர். ஆங்கிலேயரும் இவ்வுயிருக்கு 'இரத்தம் உறிஞ்சி' என்று பொருள்படும் பெயரையே சூட்டினர். பெரியவர்களோ நிறம் மாறும் உயிர்களை வஞ்சகத்திற்கு உவமை ஆக்கினர். சொன்ன சொல்லில் நில்லாதவனைப் 'பச்சோந்தி' என்று பழிக்கின்றோம். இவ்விரண்டும் பொருந்துமா? ஓணானின் நிறம் இரத்தத்தின் நிறமா? அது வஞ்சனையின் அடையாளமா? ஆராய்ந்து காண்போம்.

ஓணான், ஓந்தி, கரட்டான், கரட்டாண்டி எனப் பல பெயர்களால் இது வழங்குகின்றது. சங்க நூலாகிய குறுந்தொகையில் 'ஓதி' என்னும் பெயரால் இது குறிக்கப்படுகின்றது. கழுத்து முதல் முதுகு நெடுக அமைந்துள்ள முட்செதில் வரிசையை நோக்கி, அம்முதுகைப் பல்லுடைய அரிவாளுக்கு உவமித்துள்ளார் அள்ளூர் நன்முல்லையார். இத்துணை நுட்பமாக ஓணானை உற்றுநோக்கிய மக்கள் நம் முன்னோர். பிற்காலத்தில், 1802ஆம் ஆண்டில், தோதேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை விளக்கி எழுதி, இலத்தீன் மொழியில் 'பல நிறம் மாறுவது' என்று பொருள்படும் பெயரை இதற்கு அளித்தார். எனவே இதன் அறிவியற் பெயரே இதன் இயல்பைக் கூறி நிற்கின்றது.

ஓணான் நஞ்சற்றது. அது இரத்தம் குடிப்பதில்லை. வண்டு, வெட்டுக்கிளி, எறும்பு, புழு முதலியனவே அதன் முதன்மையான உணவு. அதன் பற்கள் இரையைப் பற்றிக்கொள்ளுதற்கு ஏற்றவை. பல்லியைப் போல வாலைத் துண்டித்துவிட்டுத் தப்பும் ஆற்றல் அதற்கு இல்லை; ஆதலால் சுருக்கில் அகப்பட்ட ஓணானுக்கு உய்யும் வழி அரிது. பெண் ஓணான் மென்மையான மண்ணைத் தோண்டிப் பத்து முதல் இருபது முட்டைகள் வரை இட்டு மூடிவிடும். ஆறு அல்லது ஏழு வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும்.

இனி, நிறம் மாறுதலின் காரணங்களைக் காண்போம். அவற்றுள் முதலாவது வெப்பம்.

மனிதனுடைய உடம்பு வெயிலிலும் பனியிலும் ஏறக்குறைய 37 டிகிரி வெப்பத்திலேயே இருக்கின்றது. நாம் உண்ணும் உணவே உள்ளிருந்து அவ்வெப்பத்தைத் தருகின்றது. ஓணான் முதலிய ஊர்வனவற்றிற்கு இவ்வசதி இல்லை. அவை தம் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுதல் வேண்டும். இவற்றைக் 'குளிர் இரத்தப் பிராணிகள்' என்பது வழக்கமாயினும், இவற்றின் இரத்தம் எப்பொழுதும் குளிர்ந்திருக்கும் என்று கொள்ளலாகாது. வெயிலில் காய்ந்த ஓணானின் உடம்பு நம் உடம்பைப் போலவே சூடாக இருத்தலும் கூடும். வெப்பத்தைக் கடன் வாங்கி வாழும் உயிர்கள் இவை என்பதே பொருத்தமாகும்.

வையைக் கரையில் ஒருநாள் விடியலில் ஓணானைக் கவனித்தால் இவ்வுண்மை புலனாகும். இரவுக் குளிரால் விறைத்த அது மெல்ல நகர்ந்து, கீழ்வானை நோக்கிய கிளை ஒன்றில் ஏறும். கதிரவன் எழுந்ததும் தன் விலாவை அகல விரித்து வெயிலுக்கு நேராகக் காட்டும். அப்பொழுது அதன் உடம்பு கருமை கலந்த பழுப்பாக இருக்கும். கரிய துணியையும் வெள்ளைத் துணியையும் ஒருங்கே வெயிலில் உலர்த்தி, சற்று நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், கரிய துணியே மிகுதியாகச் சுடுவதை அறியலாம். கருநிறம் ஒளியை உட்கொண்டு வெப்பமாக்கும். வெளிர்நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும். காலையில் கருத்திருக்கும் ஓணான் விரைவில் சூடேறி, விரைவில் இரை தேடப் புறப்படுகின்றது. வெயில் ஏற ஏற அதன் கருமை குறைந்து, உடம்பு வெளிறும். சித்திரை மாதத்தில் மதுரை வட்டாரத்தில் வெப்பம் 40 டிகிரியை எட்டுவதும் உண்டு. அந்நண்பகலில் ஓணான் வெளிறிய மேனியோடு கிளையின் நிழற்பக்கம் ஒதுங்கி, வாயைச் சிறிது திறந்து மூச்செறியும். மாலையில் வெயில் தணிந்ததும் மீண்டும் வெளிப்படும். நிறம், நிழல், உடம்பைத் திருப்பும் திசை ஆகிய மூன்றையும் கொண்டே அது தன் வெப்பத்தைச் செம்மை செய்துகொள்கின்றது.

இம்மாற்றம் தோலுக்குள் எவ்வாறு நிகழ்கின்றது? தோலின் அடியில் நிறத்திற்குரிய உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மேலடுக்கில் மஞ்சளும் சிவப்புமான பொருள்கள் உள்ளன. அதன் கீழ், ஒளியை எதிர்த்து வீசும் நுண்ணிய படிகங்களைக் கொண்ட உயிரணுக்கள் உள்ளன. அதற்கும் கீழே கருநிறத் துகள்களைக் கொண்ட உயிரணுக்கள் கிளைவிட்டு நிற்கின்றன. இக்கருந்துகள்கள் அணுவின் நடுவே குவிந்திருக்கும்பொழுது தோல் வெளிறித் தோன்றும். அவை கிளைகள்தோறும் பரவும்பொழுது தோல் கருத்துத் தோன்றும். மடக்கிய கருங்குடையைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு கோடாகத் தெரியும். விரித்தால் பெரிய கருவட்டமாகத் தெரியும். துணி ஒன்றே, விரிதலும் சுருங்குதலுமே வேறு. அதுபோலவே இதனையும் கொள்க. இவ்விரிவையும் சுருக்கத்தையும் சில இனங்களில் நரம்புகள் ஏவுகின்றன. சிலவற்றில் இரத்தத்தில் கலந்துவரும் சுரப்புநீர்கள் ஏவுகின்றன. ஆகவே வெளியிலுள்ள வெப்பமும் உள்ளத்தெழும் கிளர்ச்சியும் ஒரே தோலின்மேல் தம் எழுத்தை எழுத இயலும்.

நிறமாற்றத்தின் இரண்டாவது காரணம் போட்டியாகும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் ஓர் உயர்ந்த இடத்தைத் தன் ஆட்சிக்குட்படுத்திக்கொள்ளும். வேலிக்கம்பின் உச்சியும் அகத்திக் கிளையும் அதன் அரியணைகள். அப்பொழுது அதன் தலையும் தோளும் செம்மஞ்சளாகவோ குருதிச் சிவப்பாகவோ மாறும், தொண்டை கருக்கும். முன்கால்களை ஊன்றி உடம்பை மேலும் கீழும் ஆட்டும். 'ஓணான் தண்டால் எடுக்கின்றது' என்று சிறுவர் நகைப்பது இதனையே. அது விளையாட்டன்று, 'இவ்விடம் எனக்குரியது' என்னும் அறிவிப்பு.

வேறோர் ஆண் அவ்வெல்லைக்குள் வந்துவிட்டால் அறிவிப்பு அறைகூவலாக மாறும். இரண்டும் தொண்டையைப் புடைக்கச் செய்யும், முதுகின் முட்செதில்களை நிமிர்த்தும், விலாவைத் தட்டையாக்கித் தம் உருவத்தைப் பெரிதாகக் காட்டும், சிவப்பைப் பெருக்கும். பெரும்பாலும் இத்துணையோடு வழக்கு முடிந்துவிடும். தன் வலிமை குறைவென்று உணர்ந்த ஓணான் தலை தாழ்த்திப் பின்வாங்கும். இரண்டும் விட்டுக்கொடாவிடில் பின்கால்களில் எழுந்து நின்று, ஒன்றையொன்று பற்றிக் கடித்துப் போரிடும். வென்ற ஓணானின் தலை போருக்குப் பின்னும் செந்நிறமாகப் பொலியும். தோற்றதன் ஒளி மங்கும். அது நிறமிழந்து வேலியின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும்.

எனவே பிள்ளைகள் கண்டு அஞ்சிய சிவப்பு எவருடைய இரத்தமும் அன்று. சொல்லப்போனால் அஃது இரத்தம் சிந்தாமைக்காக ஏற்பட்ட நிறமாகும். கடித்துப் பார்த்தே வலிமையை அறிய வேண்டுமாயின், ஒவ்வொரு வழக்கிலும் இரு ஓணான்களும் புண்படும். நிறத்தைக் கண்டே ஒன்றன் ஆற்றலை மற்றொன்று அளந்துகொள்வதால் பல போர்கள் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன.

இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. குளிர்ந்த காலையில் உடம்பு சூடேறக் கருநிறம் வேண்டும். அதே வேளையில் எதிரி வந்துவிட்டால் ஒளிமிகு நிறம் வேண்டும். நண்பகலில் உடம்பு வெளிற வேண்டும்; அப்பொழுதும் எதிரி வரலாம். தோல் ஒன்று, அதற்குத் தலைவர் இருவர். கதிரவன் ஒரு நிறத்தைக் கேட்கின்றான்; பகைவன் வேறொரு நிறத்தைக் கேட்கின்றான். இருவர்க்கும் எவ்வாறு விடையளிப்பது? ஓணான் குடும்பத்தையும் அதன் உறவினங்களையும் ஆராய்ந்த அறிஞர்கள் இதற்கு மூன்று வழிகளைக் கண்டுள்ளனர்.

முதல் வழி, இடத்தைப் பிரித்துக்கொள்ளுதல். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் தாடி ஓணான் என்னும் இனம் வாழ்கின்றது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் அதனை ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அதன் முதுகு வெப்பத்திற்கேற்ப மாறுகின்றது. குளிரில் கருத்தும் வெப்பத்தில் வெளிறியும் காணப்படுகின்றது. தாடியும் மார்புமோ பிற ஓணான்களை எதிர்கொள்ளும்பொழுது மாறுகின்றன. வெயில் படும் முதுகு கதிரவனுக்கு. எதிரியின் கண்ணில் படும் தாடி பகைவனுக்கு. ஒரே உடம்பில் இரு துறைகள் தனித்தனியே அலுவல் புரிவதைப் போன்றது இது.

இரண்டாம் வழி, விரைவு. நம் ஓணானுக்கு உறவான பாறை ஓணான் தென்னிந்தியாவின் கற்பாறைக் குன்றுகளில் வாழ்கின்றது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த அனுராதா படபியால், மரியா தாக்கர் என்னும் இரு பெண் அறிஞர்கள் இதன் ஆண்களை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினர். இவ்வாணின் முதுகிலும் விலாவிலும் நிறம் மாறும் பட்டைகள் உள்ளன. பெண்ணின் முன்னே முதுகுப்பட்டை சிவக்கின்றது, விலா கருக்கின்றது. சிவப்பும் கறுப்பும் அருகருகே நிற்பதால் தோற்றம் மிக எடுப்பாகின்றது. மற்றோர் ஆணின் முன்னேயோ முதுகு மஞ்சளாகின்றது, விலா செம்மஞ்சளாகின்றது. இத்தோற்றம் முன்னதைப் போல் அத்துணை எடுப்பானது அன்று. ஆயினும் மிக விரைவில் தோன்றுவது. காதலுக்கு அழகு வேண்டும். போட்டிக்கு விரைவு வேண்டும். எதிரி காத்திருக்கமாட்டான் அன்றோ? விரைந்து மாறும் நிறம் விரைந்து மறையவும் கூடுமாதலால், போட்டி முடிந்ததும் தோல் மீண்டும் தன் பிற கடமைக்குத் திரும்புகின்றது.

மூன்றாம் வழி, ஆழத்தைப் பிரித்துக்கொள்ளுதல். மடகாஸ்கர்த் தீவிலுள்ள சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை ஜெனீவாவைச் சார்ந்த அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் அதன் அமைப்பை விளக்கினர். அதன் தோலில் ஒளியை வீசும் படிக அணுக்கள் இரண்டு அடுக்குகளாக உள்ளன. மேலடுக்கில் படிகங்கள் நெருங்கி நிற்கும்பொழுது தோல் பச்சையாகத் தோன்றுகின்றது. ஆண் பச்சோந்தி மற்றோர் ஆணைக் கண்டு கிளர்ச்சியுற்றதும் படிகங்களின் இடைவெளி அகல்கின்றது. பச்சை, மஞ்சளும் செம்மஞ்சளுமாக மாறுகின்றது. கீழடுக்கிலுள்ள பெரிய படிகங்கள் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக்கதிர்களைத் திருப்பி வீசுகின்றன. இதனால் வெயிலின் கொடுமை தணியக்கூடும் என்பது அவ்வறிஞர்களின் கருத்து. மேலடுக்கு போட்டிக்கு, கீழடுக்கு வெயிலுக்கு.

இனி, 'வஞ்சகம்' என்னும் பழியையும் ஆராய்தல் வேண்டும். ஏமன், சவூதி அரேபியா நாடுகளில் வாழும் முக்காட்டுப் பச்சோந்தியின் ஆண்களை எதிரெதிரே நிறுத்தி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இருவர் ஆராய்ந்தனர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சி வியப்பான உண்மையைக் காட்டிற்று. விலாவின் கோடுகள் மிக ஒளிர்ந்த ஆண்களே எதிரியை நோக்கி முன்னேறின. தலையின் நிறம் மிக ஒளிர்ந்து, மிக விரைவாக மாறிய ஆண்களே பெரும்பாலும் வென்றன. மறுவருடம் வெளிவந்த ஆராய்ச்சி, தோற்பவை தம் உடம்பைக் கருமையாக்கிக்கொள்வதைக் காட்டிற்று. 'இனி எதிர்க்கமாட்டேன்; என்னைத் தாக்காதே' என்பதே அக்கருமையின் பொருள். வலியவன் வலிமையையும் மெலியவன் பணிவையும் மறைக்காமல் தோலிலேயே காட்டும் உயிரைப் பொய்யன் என்பது முறையாகுமா? உள்ளத்தில் ஒன்றும் முகத்தில் ஒன்றுமாக வாழ்வோர்க்குப் பச்சோந்தி பொருந்திய உவமை அன்று. போட்டிக் களத்தில் அதற்கு அகமும் புறமும் ஒன்றே.

ஓணானின் வாழ்வில் வெப்பமும் போட்டியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. உடம்பு சூடேறினால்தான் அதனால் ஓடவும், ஏறவும், தண்டால் எடுக்கவும், எதிரியைத் துரத்தவும் இயலும். விடியற்குளிரில் அரசனும் இல்லை, குடியும் இல்லை. எல்லா ஓணான்களும் வெயிலுக்கு ஏங்கி நிற்பனவே. வெப்பம் மிகுந்த நண்பகலிலோ அரியணையை விட்டு நிழலில் ஒடுங்குதல் வேண்டும். ஆகவே ஒரு நாளில் இரை தேடவும் எல்லை காக்கவும் துணை நாடவும் ஓணானுக்குக் கிடைக்கும் நேரம், காலைக் குளிருக்கும் நண்பகல் வெப்பத்திற்கும் இடைப்பட்ட சில மணிகளும் மாலைப்பொழுதுமே ஆகும்.

அந்நேரமும் குறைந்துவருவதே இந்நாளைய கவலை. உலகின் வெப்பம் ஆண்டுதோறும் ஏறிவருவதை அறிஞர்கள் அளந்து காட்டுகின்றனர். பாரி சினர்வோ என்பவரும் அவருடைய குழுவினரும் மெக்சிகோ நாட்டில் 200 இடங்களில் 48 வகைப் பல்லியினங்களை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1975ஆம் ஆண்டிற்குப் பின், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூட்டங்கள் தாம் வாழ்ந்த இடங்களில் அடியோடு அற்றுப்போயின என்று அவர்கள் கண்டனர். வெயில் அவற்றை நேராகச் சுட்டுக் கொன்றுவிடவில்லை. இனப்பெருக்கக் காலத்தில் அவை நெடுநேரம் நிழலிலேயே ஒடுங்கிக் கிடக்க நேர்ந்தது, இரை தேடும் நேரம் போதவில்லை, குஞ்சுகள் பெருகவில்லை. மேனி வெளிறுதல் ஓரளவு வெப்பத்தையே தடுக்கும். அவ்வளவைக் கடந்துவிட்டால் நிறம் உதவாது, நிழலே உதவும்.

அந்நிழலைத் தருவன அகத்தியும் கிளுவையும் தென்னையுமே. உயிர்வேலியை அழித்துக் கம்பிவேலி இட்டால், ஆடு மாடுகளைத் தடுக்கலாம். ஓணானுக்கு நிழல் தர இயலாது. பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கூலியின்றித் தின்று உழவனுக்கு உதவும் உயிர் அது. அதற்கு ஒரு கிளையும் சிறிது நிழலும் விட்டுவைத்தல் நமக்கு இழப்பாகாது.

சோழவந்தான் கொடிக்கால் வேலியில் செந்தலையோடு ஓர் ஓணான் நிற்கின்றதாயின், அது தன் எல்லையைக் காத்து நிற்கின்றது என்று அறிதல் வேண்டும். விடியலில் கருத்து நிற்கின்றதாயின், வெயிலிடம் அன்றைய வாழ்விற்கு வேண்டிய வெப்பத்தைக் கேட்டு நிற்கின்றது என்று அறிதல் வேண்டும். நிறமிழந்து வேலியடியில் பதுங்குகின்றதாயின், தோல்வியை ஒப்புக்கொண்டு உயிர் பிழைத்திருக்கின்றது என்று அறிதல் வேண்டும். அதன் நிறங்கள் யாவும் அதற்குரிய சொற்கள். அச்சொற்களின் பொருள் அறியாதபொழுது அச்சம் பிறந்தது. அச்சத்தால் கல் கைக்கு வந்தது. பொருளை அறிந்த சிறுவன் கையிலுள்ள கல்லைக் கீழே போட்டுவிட்டு, சற்று விலகி நின்று, அவ்வுயிர் அடுத்து எந்நிறம் காட்டும் என்று உற்று நோக்குவான். அறிவு அருளைப் பிறப்பிக்கும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேறு வேண்டுவதில்லை.